குன்று சாப்பிடும் வரை

அந்தப் படை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் கடைசித் தேர்வுக்கு ஆளுக்கு ஒரு குன்று கொடுப்பார்கள். அதைத் தன் படையாக வைத்து நடத்திக் காட்ட வேண்டும். இசக்கிதுரைக்குக் கிடைத்தது மைதானத்துக்குப் பின்னால் இருந்த மொட்டைக் குன்று. நடையில் ஒரு குறை சொல்ல முடியாது. ‘தேஸ் சல்’ என்றால் புறப்படும், ‘தம்’ என்றால் நிற்கும். சாப்பாட்டில்தான் வம்பு.

தன் ஆட்கள் சாப்பிட்ட பிறகே தலைவன் கை நனைக்கலாம் என்பது அங்கே விதி. குன்றுக்குச் சாப்பாடு மழை. மற்றவர்களின் குன்றுகள் கோடை மழையில் வயிறார நனைந்துவிட்டன. இது மட்டும், மேகம் தலைக்கு மேல் வந்ததும் நாசூக்காக நகர்ந்துகொண்டது.

இசக்கிதுரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது. சாம்பார் வாசனை வரும்போதெல்லாம் குன்றை ஒரு சுற்றுச் சுற்றினான். குன்றும் கூடவே திரும்பி அவனையே பார்த்தது. இந்தத் தடவை தோற்றால் மறு தேர்வு கிடையாது. தோளில் நட்சத்திரம் இல்லாமல் சாத்தூருக்குத் திரும்புவதை நினைத்தால், பசிகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

“ஏன் சார் இது திங்க மாட்டேங்கு?” என்று பயிற்சி தரும் சுபேதார் அடைக்கலசாமியிடம் கேட்டான்.

“நீ சாப்பிடலைல்ல, அதான். அதுவும் இங்க பயிற்சிக்கு வந்ததுதான் தம்பி. அதுக்குப் படையாக் கொடுத்த ஆளு நீ.”

“அப்ப நான் முதல்ல சாப்ட்டா?”

“அது தேறும். நீ ஊருக்குப் போகலாம்.”

மதியம் காய்ந்து வெடித்த குன்றின் இடுப்பிலிருந்து ஒரு பாறை கழன்று, அவன் காலடிக்கு உருண்டு வந்தது. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு பிடிவாதமா என்று திட்டிக்கொண்டே போய்த் தட்டை எடுத்து வந்தான். குன்று பார்க்கும்படி நின்று சோற்றைப் பிசைந்து வாயில் போட்டான். இரண்டாவது கவளத்துக்குள் மழை பிடித்துக்கொண்டது. இப்போது குன்று நகரவில்லை.

ஞாயிறன்று அணிவகுப்பில் குன்றின் உச்சிப் பாறையில் நட்சத்திரத்தைக் குத்தினார்கள். கைதட்டல் ஓயும்முன் இசக்கிதுரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

“தம்.”

குரல் பின்னாலிருந்து கனமாக வந்தது. நின்றான்.

“சாப்ட்டியா?” என்று குன்று கேட்டது.

“சாப்ட்டேன், சார்.”

“தேஸ் சல்.”

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இடது காலைத் தூக்கினான்.