இரண்டாம் நம்பர் பாய்லர்

பாய்லர் ஆய்வாளரை ஆலைகளில் யாரும் பதவியைச் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. நேரில் ‘சார்’, தலை மறைந்ததும் ‘சுத்தியல்காரர்’. அவருக்கும் அது தெரியும். பையில் எத்தனை கருவிகள் இருந்தாலும் அவர் நம்பியது ஒரு முழக் கைப்பிடி போட்ட சின்னச் சுத்தியலைத்தான். தட்டினால் நல்ல தகடு மணி மாதிரிப் பேசும். அரித்துப்போன தகடு சளி பிடித்தவன் மாதிரிப் பேசும். இருபத்தாறு வருட வேலையில் அவர் காது ஏமாந்ததே இல்லை. கண்தான் ஒரே ஒரு தடவை ஏமாந்தது. அதுவும் தெரிந்தே ஏமாந்தது.

அது நடந்த துணி ஆலைக்குப் பதினோரு வருடம் கழித்து மறுபடி வந்திருந்தார். இடையில் வேறு வட்டாரத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார். ஊர் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. ஒரு காலத்தில் அங்கே அசைந்ததையெல்லாம் அசைத்தது நீராவிதான். துணி ஆலை, மர அறுவை ஆலை, ஆற்றைக் கடக்கும் படகு, காலையில் ஊரை எழுப்பும் சங்கு எல்லாமே ஒரு வயிற்றுப் பிள்ளைகள். நிலக்கரிக்காக ரயில் வந்தது, ரயிலை நம்பி ஆலைகள் வந்தன, ஆலைகளை நம்பி ஜனங்கள் வந்தார்கள். இப்போது தெருவுக்குத் தெரு மின்கம்பம். படகில் டீசல், அறுவை ஆலையில் மோட்டார். துணி ஆலை மட்டும்தான் பாக்கி.

“வருஷக் கடைசியில எங்களுக்கும் கரண்ட் வந்துடும் சார்,” என்றார் மானேஜர். “அதுவரைக்கும் ஓடினா போதும். ரெண்டு தட்டு தட்டிட்டுக் கையெழுத்து போட்டுடுங்க.”

“தட்டிப் பாக்கறேன். அது என்ன சொல்லுதோ அதைத்தான் எழுதுவேன்.”

பாய்லர் கூடத்தில் இரண்டு பாய்லர்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன வீட்டின் நீளம். ஒன்றாம் நம்பர் எரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் நம்பரில் நெருப்பை அணைத்து, தண்ணீரை வடித்து, மூன்று நாள் ஆறவிட்டிருந்தார்கள். அடுப்பு முன்னால் கரி தள்ளும் மண்வாரியோடு நின்ற ஃபயர்மேனை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். பதினோரு வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே ஆள்தான். புருவம் கருகிப் போயிருந்தது, தோள் ஒடுங்கியிருந்தது.

“நல்லா இருக்கியா?” என்று கேட்டார்.

“இருக்கேங்க,” என்றான் ஃபயர்மேன், தரையைப் பார்த்து.

“ரெண்டாம் நம்பரோட கழிவுநீர் அடிவால்வு மூடியிருக்கா?”

“மூடிட்டேங்க. ரெண்டு தடவை பாத்துட்டேன்.”

அவர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, கைவிளக்கும் சுத்தியலுமாக மேலிருந்த ஓட்டை வழியாக உள்ளே இறங்கினார்.

உள்ளே இருட்டு ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. தகட்டில் படிந்து இறுகிய உப்புக் காரையின் வாசம். தலை நிமிர முடியாது. தவழ்ந்துகொண்டே தட்டினார். டங். டங். தகடு நன்றாகத்தான் பேசியது. கடைசி முனைச் சுவர்த் தகட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெளியிலிருந்து வந்த சத்தம் அறவே நின்றுவிட்டிருந்தது. ஒரு தட்டுத் தட்டினார். டங்.

டங் என்று பதில் வந்தது.

எதிரொலி என்று நினைத்தார். இரண்டு தட்டினார். நான்கு திரும்பி வந்தது. சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இப்போது அவர் தட்டாமலே கேட்டது. முதலில் விட்டுவிட்டு, பிறகு அடுத்தடுத்து, பிறகு அவசர அவசரமாக. அந்தத் தகட்டுக்குப் பின்னால் செங்கல் சுவரும் புகை போகும் வழியும்தான். ஆள் நிற்க இடமே கிடையாது.

சத்தம் வந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டார். மூன்று நாளாக ஆறிக் கிடந்த இரும்பில் ஒரு கையகல இடம் மட்டும் கொதித்தது. சுற்றிலும் தொட்டுப் பார்த்தார். பச்சைத் தண்ணீராகச் சில்லென்றிருந்தது.

இந்த முனையில்தான் அவனைக் கண்டெடுத்தார்கள்.

அவனைச் சிட்டு என்று கூப்பிடுவார்கள். ஒல்லியான உடம்பு, எந்த ஓட்டையிலும் நுழைந்துவிடுவான். பாய்லருக்குள் போய்க் காரை கொத்துவதுதான் வேலை. ஃபயர்மேனின் பெண்டாட்டிக்குக் கூடப்பிறந்த தம்பி. பதினோரு வருடத்துக்கு முன்னால், உள்ளே கொத்திக்கொண்டிருந்தவன் வெந்து செத்தான். விசாரிக்க வந்தவர் இதே சுத்தியல்காரர். ‘குடித்துவிட்டு இறங்கியிருப்பான், எதையோ திறந்துவிட்டிருப்பான்’ என்றார் அப்போதிருந்த மானேஜர். இரண்டு பாய்லரின் கழிவுநீரும் ஒரே குழாயில் போய்ச் சேருவதை அவர் பார்த்தார். பார்த்தும் குனிந்து தடவிப் பார்க்கவில்லை. மாலை ரயிலுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. ‘வேலையாளின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓடிப்போய் ரயிலைப் பிடித்தார்.

இப்போது திரும்பித் தவழ ஆரம்பித்தார். சத்தமும் கூடவே வந்தது. பக்கத்தில், தோளுக்கு ஒட்டி, தகட்டின் மறுபுறம். அவர் நின்றாலும் அது நிற்கவில்லை. போ போ என்று விரட்டுவது மாதிரி முன்னால் ஓடியது. முன்பக்கத்தில் கழிவுநீர் இறங்கும் துவாரத்தருகே வந்ததும் ஒரேயடியாக நின்றது. அந்த அமைதிதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. முழங்கை சிராய்க்க ஓட்டையைப் பிடித்து வெளியே வந்து விழுந்தார்.

கீழே, ஒன்றாம் நம்பரின் அடிவால்வுச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி ஃபயர்மேன் நின்றிருந்தான். மணி பத்து. தினமும் பத்து மணிக்கு அடியில் தங்கும் சகதியைத் திறந்துவிடும் நேரம். சக்கரம் இன்னும் திரும்பவில்லை.

“ஏன் நிறுத்திட்டே?” என்றார், மூச்சு வாங்க.

“நீங்க தட்டினீங்களே.”

“நான் தட்டி அஞ்சு நிமிஷம் ஆச்சு.”

ஃபயர்மேன் சக்கரத்தை விட்டுவிட்டு அப்படியே கரிக்குவியல் மேல் உட்கார்ந்தான். அவர் தரையில் குப்புறப் படுத்து இரண்டாம் நம்பரின் அடிவால்வைப் பார்த்தார். சக்கரம் மூடித்தான் இருந்தது. மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே காரை அடைத்து, ஒரு விரல் கனத்துக்கு வாய் பிளந்திருந்தது. ஒன்றாம் நம்பரைத் திறந்திருந்தால் அந்தக் கொதிநீர் பொதுக்குழாயில் பாய்ந்து, இந்த வழியாக ஏறி, வெளியே வரும் பாதையை முதலில் மறித்திருக்கும். உள்ளே இருப்பவன் கடைசி முனைக்குத்தான் ஓட முடியும்.

“அன்னைக்கும் இப்படித்தான் கேட்டுச்சுங்க,” என்றான் ஃபயர்மேன். குரலில் அழுகை இல்லை. பதினோரு வருடம் உள்ளே கிடந்து காய்ந்துபோன குரல். “நான் ஒன்னாம் நம்பர் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினேன். உள்ள டங்கு டங்குன்னு வேகமா சத்தம். பய இன்னைக்கு நல்லா வேலை செய்யறான்னு நினைச்சேன். சந்தோஷமா இருந்துச்சுங்க. முழுசா திறந்துவிட்டேன்.”

சுத்தியல்காரர் தரையிலிருந்து எழுந்தார். அவன் பக்கத்திலேயே கரியில் உட்கார்ந்தார்.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“நீங்க கேப்பீங்கன்னு அன்னைக்கு வாசல்லயே நின்னேன். நீங்க கடிகாரத்தைப் பாத்துட்டுப் போயிட்டீங்க.”

மானேஜர் அறைக்குப் போய் அவர் இரண்டு தாள் எழுதினார். இரண்டாம் நம்பரை இனி எரிக்கக்கூடாது என்று ஒன்று. பழைய அறிக்கை தவறு, குற்றம் குழாய் அமைப்பில், அதைக் கவனிக்காத குற்றம் தன்னுடையது, செத்தவன்மேல் பழி இல்லை என்று இன்னொன்று. இரண்டாவது தாளைப் படித்துவிட்டு மானேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

“செத்தவன் செத்தாச்சு. இப்ப இதைக் கிளறி என்ன சார் ஆகப்போகுது? உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க.”

“என் தலைதானே. போட்டுக்கறேன்.”

மேலிடம் அவரை ஆய்வு வேலையிலிருந்து எடுத்து, கோப்புகள் அடுக்கும் அறையில் உட்கார வைத்தது. அவர் எதிர்பார்த்ததுதான். மூன்று வாரம் கழித்து ஒரு முற்பகலில் அந்த அறைக்கு ஒரு பெண் வந்தாள். ஐம்பதை நெருங்கிய வயது. ஃபயர்மேனின் மனைவி என்று சொல்லாமலே தெரிந்தது. வெளியே பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் அவளிடம் அவனே சொல்லிவிட்டிருந்தான். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை.

“என் தம்பியைப் பத்தி நீங்க புதுசா எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டணும்,” என்றாள்.

படித்தார். மெதுவாக, ஒரு வார்த்தை விடாமல். ‘பழி இல்லை’ என்ற இடத்தில் அவள் கையைக் காட்டி நிறுத்தி, மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தார்.

“எங்க வீட்டுல ஒரு பித்தளை அண்டா இருக்குங்க,” என்றாள் பிறகு. “அவன் போன மறுநாளிலேர்ந்து தினம் பத்து மணிக்கு அது தட்டும். யாரும் தொடாம, தானா. அந்த நேரம் அவர் ஆலையில இருப்பார். லீவு நாள்ல வீட்டுல இருந்தா, எலிங்கன்னு சொல்லிடுவேன். அவருக்குத் தெரியக்கூடாதுன்னு நான் மறைச்சேன். எனக்குத் தெரியக்கூடாதுன்னு, திறந்துவிட்டதை அவர் மறைச்சிருக்கார். ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் என்ன குடும்பம் நடத்தியிருக்கோம் பாருங்க.”

“இப்பவும் தட்டுதாம்மா?” என்று கேட்டார். கேட்கும்போது குரல் தாழ்ந்துவிட்டது.

அவள் அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

“தட்டுதுங்க. ஆனா முன்ன மாதிரி அவசரமா இல்ல.”

தாளின் நகலை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வெளியே போய், பெஞ்சில் குனிந்திருந்தவன் முன்னால் நின்றாள்.

“எந்திரிங்க,” என்றாள். “போலாம்.”