ரதீஸின் கோணல் சிரிப்பு

ரதீஸ் சிரித்தால் இடப்பக்க வாய் மட்டும் காது வரைக்கும் ஏறும். உயர்தர ரியூசன் கொட்டிலில் எனக்கு முன் வாங்கில் இருந்தவன். விலங்கியல் ஆசிரியர் கோபமாக இருக்கிற நேரம் பார்த்துத் திரும்பிச் சிரிப்பான். நானும் சிரித்துவிட, அடி எனக்கு விழும். வகுப்பு முடிந்து வாவிக்கரையால் சைக்கிள் மிதித்து வருகையில் அந்தக் கோணல் வாயை நினைத்துத் தனியே சிரித்த நாட்கள் எத்தனையோ. அந்த நாட்களுக்கு இன்றும் மனம் ஏங்குகிறது, மறைக்க என்ன இருக்கிறது.

பிறகு நான் கதிரியக்க வைத்தியரானேன். அவன் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துவிட்டுக் கிரானில் வயல் வட்டையே கதியென்று இருந்துவிட்டான்.

அவனைத்தான் அன்று காலை தலைச்சுற்று என்று கொண்டுவந்தார்கள். எங்கள் புதிய மூன்று டெஸ்லா எம்.ஆர்.ஐ இயந்திரத்தில் எடுத்த படம் துப்புரவாக இருந்தது. வார்ட் வைத்தியரும் கை, கால், முகம் எல்லாம் பார்த்து ஒரு குறையும் இல்லை என்றார். அறுவடைக் களைப்பு, வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவாயிற்று.

நான் போய் எட்டிப் பார்த்தேன்.

"என்ன கம்சாயினி, பெரிய டொக்டராகிற்றாய்" என்று சிரித்தான்.

வாய் இரண்டு பக்கமும் ஒரே அளவில், கொஞ்சமாகத்தான் ஏறியது. அழகான, நேரான சிரிப்பு. இடப்பக்கம் தளர்ந்திருக்கிறது என்று ஓடிப்போய்ப் படத்தைத் திரும்பத் திறந்தேன்.

டெஸ்லா கூடி, காந்தம் வலுத்தால் படம் தெளியும் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் மண்டையோட்டின் அடியில், எலும்பும் காற்றும் சந்திக்கிற இடத்தில், வலுத்த காந்தம் படத்தைக் கூடுதலாக நெளிக்கும். பக்கவாதத்தின் முதல் மணித்தியாலங்களில் சின்னப் புள்ளி அந்த நெளிவுக்குள் ஒளிந்துவிடலாம். கழற்றி அனுப்பக் காத்திருந்த பழைய ஒன்றரை டெஸ்லா இயந்திரம் பக்கத்து அறையில் இன்னும் ஓடியது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. பிந்தினால் கை கால் விளங்காமலே போகலாம். வார்ட் வைத்தியரோடு சண்டை பிடித்து அவனை அந்தப் பழைய இயந்திரத்துக்குள் அனுப்பினேன்.

மூளைத்தண்டில் வெள்ளையாக ஒரு புள்ளி. படம் எடுத்து முடிவதற்குள் இடக்கை சோரத் தொடங்கிவிட்டது. உடனே மருந்து ஏற்றினார்கள். பின்னேரம் கை அசைந்தது.

வெளியே அவன் மனைவி மங்கையற்கரசி என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். சந்தோஷத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: சிரித்தால் இடப்பக்கம் ஏறுமே, இன்றைக்கு ஏறவில்லை, உங்களுக்குத் தெரியாததா என்று.

அவள் கையை விடவில்லை.

"எனக்குத் தெரியா டொக்டர். வீட்ட இவர் சிரிக்கிறதில்ல."