லாலாகுடாவில் நின்ற கப்பல்

போன வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு எதிரே ஏழு மாடிக் கப்பல் ஒன்று வந்து நின்றது. அன்று தக்காளி கிலோ நாற்பது ரூபாய். மேட்டுகுடா பக்கமிருந்து கப்பல் தார் ரோட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு வந்தது. கடந்து போன பிறகு ரோடு தானாக மூடிக்கொண்டது, ஓரத்தில் கொஞ்சம் உப்பு மட்டும் பூத்திருந்தது. ஆட்டோக்காரர்கள் விடாமல் ஹாரன் அடித்தார்கள். கப்பலும் பதிலுக்கு ஒரு தடவை அடித்தது, அதோடு அடங்கினார்கள். கடலே இல்லாத ஊருக்குக் கப்பல் எப்படி வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. யார் சிபாரிசில் வந்தது என்றுதான் கேட்டார்கள். நம் ஜனங்களுக்கு மூளை போகிற தூரம் அவ்வளவுதான்.

வரவழைத்த புண்ணியவான் பெயர் ஜகதீசன். பாதுகாப்புத் துறை ஆபீஸ் ஒன்றில் நிர்வாகப் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்து, மற்றவர்களின் விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவர். மனைவி கல்பகம் ரயில்வே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பிரிவில் இருந்தவர். கணவனுக்கு ஆபீஸ் பயணச் சலுகை, மனைவிக்கு ரயில்வே பாஸ், இரண்டையும் கலக்கக் கூடாது என்பது ஜகதீசன் போட்ட சட்டம். அதனால் கல்யாணமான நாள் முதல் இருவரும் ஒரே ரயிலில் வேறு வேறு பெட்டியில்தான் போனார்கள். தேனிலவுக்கு ஊட்டி போனபோதும் அப்படித்தான். இதை அவர் வெட்கமே இல்லாமல் தம்பட்டம் அடிப்பார்.

இவர்களுடைய ஒரே மகள் ஹம்ஸினி, கொண்டாப்பூரில் ஐ.டி. வேலை பார்த்தபோது ஆசைப்பட்டு ஒரு பக் நாய் வாங்கினாள். டிபன் என்று பெயர் வைத்தாள், நூறு போட்டோ எடுத்தாள், எட்டாவது மாதம் நிகிலைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் பறந்துவிட்டாள். போட்டோ எடுக்கத் தெரிந்த கைக்குப் பீ அள்ளத் தெரியுமா? அந்த வேலை கல்பகத்தின் தலையில் விழுந்தது. எட்டு வருஷமாக மழையோ வெயிலோ, காலையும் மாலையும் டிபனை நடத்திக் கூட்டிப்போனது அவர்தான். ஜகதீசன் நாயைப் பிடிக்கும் பட்டையைத் தொட்டதுகூட இல்லை. பார்க்கில் நாலு பேர் எதிரில் ‘மை டாக்’ என்று மட்டும் சொல்லிக்கொள்வார்.

தை மாதம் ஹம்ஸினி போன் செய்தாள். ஆடிக் கடைசியில் பிரசவம். “அம்மா, நீ வந்தே ஆகணும். டிபனை கொண்டாப்பூர் டாக் ஹாஸ்டல்ல விட்டுடு, ஏசி ரூம்லாம் இருக்கு.”

“அவன் என் கையால தவிர சாப்பிட மாட்டான்டி. ராணிப்பேட்டை கல்யாணத்துக்குப் போன நாலு நாளும் தண்ணிகூடக் குடிக்கல. விட்டுட்டு வந்தா செத்துப் போயிடுவான்.”

“அப்போ எனக்கு யாரும்மா இருக்கா?” என்று அழுதுவிட்டு வைத்துவிட்டாள். கல்பகம் போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையிலேயே உட்கார்ந்து அழுதார். பெற்ற மகளையும் விட முடியாது, வளர்த்த நாயையும் விட முடியாது. சப்பை மூக்கு நாய்க்கு மூச்சுத் திணறும் என்று எந்த விமானமும் ஏற்றிக்கொள்ள மறுத்தது.

நாய்களை ஏற்றும் கப்பல் ஒன்று இருப்பதை ஜகதீசன்தான் கண்டுபிடித்தார். அதையும் சொல்லிவிட வேண்டும், நாளைக்குக் குறைப்படுவார். ஊசி, ரத்தப் பரிசோதனை என்று உப்பலில் இருக்கும் டாக்டரிடம் ஆட்டோவில் பதினோரு தடவை அலைந்தது கல்பகம். நகல்களில் கையெழுத்துப் போட்டது ஜகதீசன். கப்பல் விண்ணப்பப் பாரத்தில் ‘ஏறும் துறைமுகம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. சலுகைப் பாரத்தில் அந்த இடத்தில் அருகிலுள்ள ரயில் நிலையத்தைத்தான் எழுதுவார்கள். முப்பத்துநாலு வருஷப் பழக்கம், கை தானாக லாலாகுடா என்று எழுதிவிட்டது. பக்கத்து வீட்டுத் துரைராஜ், ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர், தலையில் அடித்துக்கொண்டார். “காய்கு சார், எதுக்கு இப்படி எழுதறீங்க? இங்க குழாய்த் தண்ணியே ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருது!”

“பாரத்துல எழுதியாச்சு. இனிமே அது அவங்க பொறுப்பு” என்றார் ஜகதீசன்.

கண்றாவி, அப்படியேதான் நடந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை தெருவே திரண்டு நின்றது. பாதிப் பேர் செல்ஃபி எடுத்தார்கள், மீதிப் பேர் கப்பலால் மாடிக்கு வெயில் வரவில்லை, வடாம் காயாது என்று சண்டை பிடித்தார்கள். ஏணி இறங்கியது. மணிவண்ணன் என்ற தூத்துக்குடிக்கார அதிகாரி லிஸ்டோடு வந்தார். “ஜகதீசன் ஒருத்தர், கூட நாய் ஒண்ணு. அம்மா பேரு இல்லியே?”

கல்பகம் கணவனைப் பார்த்தார். ஜகதீசன் நிதானமாக ஃபைலைத் திறந்தார். “உன்னோடது தனி பாரம். என்னோட சேர்க்க முடியாதுன்னு உனக்கே தெரியும். கையெழுத்து பழைய கையெழுத்தோட ஒத்துப்போகல, அதனால அனுப்பாம பரிசீலனையில வெச்சிருக்கேன். தை மாசக் கப்பல்ல வா.”

“ஆடியில பிரசவம். நீங்க மட்டும் போய் என்னங்க பண்ணுவீங்க?”

“மேற்பார்வை பார்ப்பேன்.”

இப்படியும் ஒரு மனுஷன்! சொல்லிவிட்டு எட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பட்டையைப் பிடித்து இழுத்தார். டிபன் நனைந்த கோணிப்பை மாதிரி ரோட்டில் படுத்துவிட்டது. இழுத்தார், தூக்கப் பார்த்தார், இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். கல்பகம் பட்டையை வாங்கினார். நாய் எழுந்து நின்று வாலை ஆட்டியது. மணிவண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எங்க கப்பல்ல ரூல் ஒண்ணே ஒண்ணுதான். நாய் யாரு கூட ஏறுதோ, அவங்கதான் பாரத்துல இருக்கிற ஆளு. ஏறுங்க, ஜகதீசன் சார்” என்று கல்பகத்திடம் சொன்னார்.

ரூல் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஜகதீசன் ஃபைலை மூடிக்கொண்டார். விதியை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. கல்பகம் ஒரே ஒரு தடவை திரும்பினார். “குக்கர்ல சாதம் இருக்கு” என்றார். அவ்வளவுதான், ஏறிப் போய்விட்டார். கப்பல் தார்நாகா தாண்டி உப்பல் வழியாகக் கிழக்கே போனது. போகிற போக்கில் இரண்டு கேபிள் டிவி ஒயரை அறுத்துவிட்டுப் போனது என்று துரைராஜ் இன்றைக்கும் திட்டுகிறார்.

ஆடி இருபதாம் தேதி கல்பகம் மகள் வீட்டில் இருந்தார். நாலாம் நாள் பெண் குழந்தை. முதல் நாலு நாள் ஹம்ஸினி நாயைக் கண்டு மூக்கைச் சுளித்தாள், பிறகு அதன் குறட்டை கேட்காமல் குழந்தை தூங்காது என்று ஆனது. பிரசவ அறையில் கூட இருந்தவர் தாத்தா ஜகதீசன் என்று அந்த ஊர் ஆஸ்பத்திரியில் எழுதியிருக்கிறார்கள். யாருக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. கல்பகத்துக்குத் திரும்பி வரும் எண்ணமும் இல்லை.

கார்த்திகையில் ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். ஜகதீசன் மெஷினில் கட்டைவிரலை வைத்தார். ஜகதீசன் வெளிநாட்டில் நலம் என்று வந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், அதுவேதான். கையெழுத்துப் போட்ட நகல்கள் அத்தனையும் எடுத்துக் காட்டினார். “நல்லா இருக்காராம் சார், சந்தோஷப்படுங்க. ஆமா, நீங்க யாரு?” என்றார் அதிகாரி. பேங்க்கிலும் அதே கதை, ரேஷனிலும் அதே கதை. தெருவில் முறையிட்டுப் பார்த்தார். பாரத்தில் உள்ளதுதானே சரி என்று அவருக்கே எடுத்துச் சொன்னார்கள்.

மார்கழி வரை முரண்டு பிடித்தார். பிறகு அந்த வீட்டில் ஆளில்லாமல் சும்மா கிடந்த ஒரே பெயரை எடுத்துக்கொண்டார். இப்போது கேஸ்காரர் வாசலில் நின்று “கல்பகம்?” என்று கூப்பிட்டால், “ஹவ், ஆமா” என்று சொல்லிச் சிலிண்டரை உள்ளே உருட்டிக்கொள்கிறார். சாதம் வடிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டார், பரவாயில்லாமல் வருகிறது என்று துரைராஜ் சொன்னார்.