எட்டாவது பாட்டு

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு அவள் துணி அலமாரிக்குள் உட்கார்ந்திருந்தாள். கீழ்த்தட்டுகளைக் கழற்றிவிட்டுச் சுற்றிலும் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தாள். எதிரொலி இல்லாமல் பாட அந்த வீட்டில் வேறு இடம் கிடையாது. மடியில் போன், காதில் கீபோர்டு ஓசை, கழுத்தில் ஆறாய் வியர்வை. ஏழு பாட்டு முடிந்துவிட்டது. ஒன்று பாக்கி. சொந்தமாக எட்டுப் பாட்டு எழுதிப் பாடி, இன்று ஆறு மணிக்குள் குடும்ப குரூப்பில் போடுவதாக ஒரு மாதம் முன்பு அவளேதான் அறிவித்திருந்தாள்.

யாரும் அவளைக் கேட்கவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவளுக்குப் புதிதுமில்லை. பாதி பின்னிய ஸ்வெட்டர், பாதியில் விட்ட கார் பயிற்சி, முதல் பாடத்தோடு நின்ற தபால் வழிப் படிப்பு. அண்ணன் அவளை ‘அரைக்கிணறு’ என்றுதான் கூப்பிடுவான். அறிவிப்பைப் பார்த்ததும் அவன் கொட்டாவி விடும் பொம்மைப் படம் ஒன்றைப் போட, குரூப்பே சிரித்தது. அன்றைக்கே முதல் பாட்டை எழுதினாள்.

கண் ஆஸ்பத்திரி வரவேற்பில் நாளெல்லாம் டோக்கன் கூப்பிடுகிறவள் அவள். “முப்பத்தேழு, உள்ள போங்க” என்பதுதான் எட்டாவது பாட்டின் பல்லவி. கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு, தங்கள் எண் வருமா என்று இருட்டுக்குள் காத்திருப்பவர்களின் பாட்டு. ரொம்பப் பிடித்ததாயிற்றே என்று கடைசிக்கு வைத்திருந்தாள்.

வாயைத் திறந்தாள். மேல்வீட்டில் டிரில்லிங் மெஷின் கிர்ரென்று சுவரைத் துளைத்தது.

படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறிக் கதவைத் தட்டினாள். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு மேல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, ஒரு இருபது நிமிஷம் நிறுத்துங்களேன். பாட்டு ரெக்கார்ட் பண்றேன்.”

“ஆறு மணிக்குள்ள ஷெல்ஃப் மாட்டிடறேன்னு வீட்ல சத்தியம் பண்ணியிருக்கேம்மா.”

“நானும் ஆறு மணின்னுதான் சொல்லித் தொலைச்சிருக்கேன்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “சரி, இருபது நிமிஷம். ஒரு நிமிஷம் கூடினாலும் என் சம்சாரத்துக்கு நீதான் பதில் சொல்லணும்.”

ஓடி வந்து அலமாரிக்குள் புகுந்தாள். கதவு திறந்துகொள்ளாமல் கணவன் வெளியே உட்கார்ந்து முதுகால் அழுத்திக்கொண்டான். இரண்டு தடவை இருமலில் போயிற்று. மூன்றாவது தடவை, எப்போதும் தடுக்குகிற சரணம்கூட வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போனது. முடித்ததும் ரெக்கார்டிங்கை நிறுத்தினாள். வந்துவிட்டது!

இருவரும் போட்டுக் கேட்டார்கள். கடைசிப் பல்லவிக்கு அடியில் இன்னொரு குரல், தாழ்வாக, சுருதியை விட்டுக் கொஞ்சம் தள்ளி முனகிக்கொண்டே வந்தது.

“ஐயோ, நானா அது?” என்றான் அவன். பிரிட்ஜ் மெக்கானிக் அவன். “கம்ப்ரசர் போன பிரிட்ஜ் மாதிரி இருக்கு. அழிச்சிடு. இன்னொரு தடவ பாடிடு, நேரமிருக்கு.”

நேரம் இருக்கத்தான் செய்தது. பத்து வருடத்தில் அவன் பாடி அவள் கேட்டதேயில்லை. அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டாள். அவன் காதைப் பொத்திக்கொண்டான். அவளுக்கோ, காத்திருப்பவர் பக்கத்தில் யாரோ துணைக்கு வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

“இது இப்படியே இருக்கட்டும்.”

“மச்சான் சிரிப்பாருடி.”

“சிரிக்கட்டுமே. இப்ப ரெண்டு பேரையும் சேர்த்துத்தானே சிரிக்கணும்.”

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு எட்டையும் குரூப்புக்கு அனுப்பினாள். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓர் அதிர்வில் போன் விரல்கடை நகர்ந்தது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். அப்புறம் ஓயாமல், மல்லாந்த வண்டுபோல் ரீங்காரமிட்டபடி மேஜையின் விளிம்பை நோக்கி நகர ஆரம்பித்தது. இருவரும் கைநீட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.