கோரம்

கூட்டம் பத்தரை மணிக்கு என்று போட்டிருந்தார்கள். பத்தேகாலுக்கே ஐந்து பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் கமிட்டியில் இப்படி ஒருநாளும் நடந்ததில்லை. நல்ல காரியம் பேசுவதாக இருந்தால் ஒருவரும் நேரத்துக்கு வந்திருக்க மாட்டார்கள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான். மூன்றாவது வீட்டில் இருக்கும் தம்பியின் அக்கா என்று ஊழியர்கள் கூப்பிட ஆரம்பித்து, பிறகு அது கமிட்டிக்கும் தொற்றிக்கொண்டது. அறுபத்தொரு வயதான அவளை எழுபத்திரண்டு வயதுத் தலைவரும் கூச்சமில்லாமல் அக்கா என்றே கூப்பிட்டார்.

தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாதவர்களை வைத்துப் பராமரிக்கும் அறக்கட்டளை அது. மூன்று வீடுகள், நாற்பத்தொரு பேர். முதல் இரண்டும் சொந்தக் கட்டடம். எட்டுப் பேர் இருக்கும் மூன்றாவது வீடு வாடகைக்கு எடுத்தது. கூட்டம் முதல் வீட்டின் மாடியில், உடற்பயிற்சி அறையில் நடக்கும். நடை பழகும் கம்பிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் மேசை போடுவார்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கால் எடுத்து வைப்பவர்கள் தங்கள் காலைத் தாங்களே பார்ப்பதற்காக மாட்டியது. கூட்டத்தன்று கமிட்டி அதில் தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருக்கும்.

பொருளாளர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. வெற்றிலைபோல மெலிந்த உடம்பு, இரும்புபோலக் குரல்.

"அரசாங்கம் தலைக்கு இவ்வளவுன்னு குடுத்ததுல மூணுல ஒரு பங்கைக் குறைச்சுட்டாங்க. எல்லாருக்கும் தெரியும். மூணாவது வீட்டுக் குத்தகை முடியப்போகுது. வேணாம்னா இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வீட்டுக்காரர் கையில கடிதம் இருக்கணும். இல்லன்னா தானா மூணு வருஷம் நீளும். அந்த வாடகையைக் கட்டிக்கிட்டு இருந்தா நாலாவது மாசம் சம்பளம் போட முடியாது. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. மூணு வீட்டுக்கும் போட முடியாது."

பல் டாக்டர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். அவர் கமிட்டிக்கு வந்து ஆறு வருஷம். எல்லார் வாயையும் திறக்கச் சொல்கிற மனுஷன் தன் வாயை மட்டும் திறக்கமாட்டார் என்று காண்ட்ராக்டர் கேலி செய்வார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிற கேள்வியைத் தாளைப் பார்த்துப் படித்தார். "இந்தப் பொருள்ல சொந்த சம்பந்தம் உள்ளவங்க யாராவது இருந்தா சொல்லிடலாம்."

வழக்கமாக இந்த இடத்தில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"இருக்கு," என்றாள் அக்கா. "என் தம்பி மூணாவது வீட்ல இருக்கான். நான் வெளிய போறேன்."

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். கதவுவரை போன பிறகுதான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த மேனேஜர் அம்மா பேனாவை நிறுத்தினாள். அவளுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் அந்த அறக்கட்டளையின் விதிகளை அவள் அளவுக்குப் படித்தவர்கள் அக்காவைத் தவிர யாரும் இல்லை.

"சார், அக்கா போயிட்டா நாலு பேருதான். மொத்தம் எட்டு உறுப்பினர். பாதிக்கு மேல இருந்தாத்தான் கோரம். அஞ்சு."

காண்ட்ராக்டர் கண்ணாடிப் பக்கம் கையை நீட்டினார். "அங்க அஞ்சு பேர் உக்காந்திருக்காங்களே, அவங்களைச் சேத்துக்கங்க. கோரத்துக்குப் பஞ்சமே இல்ல."

சிரிப்பு எழவில்லை. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

அது அவளுக்குத் தெரியாமல் நடந்ததல்ல. வராத மூவரில் ஒருவர் மகளோடு வெளிநாட்டில், ஒருவர் ஆஸ்பத்திரியில், ஒருவர் ஒரு வருஷமாகவே வருவதில்லை. அந்த மூன்றாமவர் இன்றும் வரப்போவதில்லை என்று மூன்று நாள் முன்பு காதில் விழுந்ததிலிருந்து அவள் மனதுக்குள் இந்தக் கழித்தலைப் போட்டுக்கொண்டேயிருந்தாள். ஆறாவது ஆள் ஒருவர் படியேறி வந்தால் அவள் போனாலும் கூட்டம் நடக்கும், தீர்மானம் நிறைவேறும், தம்பியின் வீடு மூடப்படும். யாரும் படியேறி வரவில்லை. கூட்டம் இல்லையென்றால் தீர்மானம் இல்லை, கடிதம் இல்லை. மூன்று வருஷம். அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. விதிப்படி எழுந்து போனாள், அவ்வளவுதான்.

விதியும் அவள் எழுதியதுதான். முப்பத்தெட்டு வருஷம் கோர்ட்டில் தட்டச்சு செய்தவள். ஒரு காற்புள்ளி இடம் மாறினால் ஒரு வீடு கைமாறும் என்று பார்த்தவள். நாலு வருஷம் முன்பு இரண்டாவது வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை காண்ட்ராக்டரின் மைத்துனருக்குப் போக இருந்தபோது அவள்தான் எதிர்த்துப் பேசினாள். சொந்த சம்பந்தம் உள்ளவர் வெளியே போகவேண்டும், போனவர் கோரத்தில் சேரமாட்டார், போனில் வருவது வருகையாகாது, ஒத்திவைத்த கூட்டத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று வரிவரியாக அடித்துக் கொடுத்தாள். காண்ட்ராக்டரும் கை தூக்கினார். தூக்காமல் என்ன செய்வார்?

நடையில் உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் அது எடை பார்க்கிற நாற்காலி என்று தெரிந்தது. கைப்பிடியில் ஐம்பத்தேழு என்று சிவப்பாக மின்னி அணைந்தது. எதிர்ச் சுவரில் சக்கர நாற்காலிகள் உரசி உரசி, ஒரே உயரத்தில், நடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கறுப்பாக ஒரு வரி ஓடியது. கீழே சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். யாரோ "தோ வந்துட்டேன் ராஜா, வந்துட்டேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே போனார்கள்.

அவளுக்குள் ஒரு நிம்மதி பரவியது. வெட்கமில்லாத நிம்மதி. அதை அவள் தடுக்கவில்லை.

தம்பிக்கு நாற்பத்து நாலு வயது. பேச்சு கிடையாது. அம்மா இறந்த வருஷம் அவனை மூன்றாவது வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பதினோரு வாரம் அவன் கட்டிலில் படுக்கவில்லை. வாசற்கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினான். வருகிறவர்கள் அவனை அலுங்காமல் நகர்த்திவிட்டுத்தான் உள்ளே வர முடிந்தது. எலும்பு தெரிய இளைத்தான். பன்னிரண்டாவது வாரம், ஒரு காரணமும் இல்லாமல், எழுந்து போய்க் கட்டிலில் படுத்தான். அதற்குப் பிறகு பதினாலு வருஷம் ஆகிவிட்டது. மறுபடியும் ஒரு பதினோரு வாரத்தை அந்த உடம்பு தாங்குமா என்பதுதான் அவளுக்கு எல்லாம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கதவு திறந்தது. தலைவர் வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க சும்மா உள்ள வந்து உக்காருங்க. கை தூக்க வேணாம், வாயைத் திறக்க வேணாம். வெளிய போனதையே குறிப்புல எழுத வேணாம்னு சொல்லிடறேன்."

"அதெல்லாம் நடக்காது சார்," என்று அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து பொருளாளரின் குரல் வந்தது. "அவங்க தம்பி அங்க இருக்கறது வீட்டுக்காரருக்கும் தெரியும். தீர்மானம் செல்லாதுன்னு நாளைக்கே கோர்ட்டுக்குப் போவாரு. வாடகையும் கட்டணும், வக்கீலுக்கும் கட்டணும்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா எழுந்திருக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ரொம்ப நேரம் யாரும் வரவில்லை. சலவை இயந்திரம் நின்றது. நின்ற பிறகுதான் அது எவ்வளவு சத்தம் போட்டிருக்கிறது என்று தெரிந்தது.

அடுத்து வந்தது காண்ட்ராக்டர். அவர் நின்று பேசுகிற ஜாதி இல்லை. உட்கார இடம் தேடினார், இல்லை என்றதும் சுவரில் சாய்ந்தார். சட்டையில் அந்தக் கறுப்பு வரி ஒட்டிக்கொள்ளும் என்று அவள் நினைத்தாள், சொல்லவில்லை.

"அன்னைக்கு என்னை இங்கதான் நிக்க வச்சீங்க. ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்ல. மச்சான் ரெண்டு மாசம் என்கூடப் பேசல, தெரியுமா?"

"தெரியும்."

"ஆனா நீங்க செஞ்சது நியாயம். வீட்ல என் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னேன், அந்தம்மா வாய் நீளம்தான், ஆனா நியாயம்னு." கொஞ்சம் நிறுத்தினார். "வெளிய போகணும்னு எதுக்கு வச்சீங்க? முடிவுல நம்ம கை இருக்கக்கூடாதுன்னுதானே? நான் வெளிய நின்னப்ப என் கை இல்ல. உள்ள இருந்தவங்க முடிவு பண்ணாங்க, மச்சானுக்கு வேலை கிடைக்கல. இப்ப நீங்க வெளிய உக்காந்திருக்கீங்க. உள்ள நாலு பேரும் பொம்மை. முழுக் கையும் உங்களுதுதான் அக்கா. கதவுக்கு வெளிய உக்காந்துகிட்டு நீங்க ஒருத்தரே கூட்டத்தை நடத்துறீங்க."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே குத்தியதாகத் தெரியவில்லை. கல், மணல் விலை பேசுகிற அதே குரலில்தான் பேசினார்.

"கீழ ஒருத்தர் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரே, அவருக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"ஒரு பெரியம்மா இருக்காங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வருவாங்க."

"ம்," என்றார்.

தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரியின் அர்த்தம் கைக்குப் போகாது, எழுத்து மட்டும்தான் போகும். அவள் தன் விதியை அப்படித்தான் இத்தனை நாளும் வைத்திருந்தாள். இப்போது அர்த்தம் தெரிந்தது, தெரிந்ததை மறுபடி தெரியாததாக்க முடியவில்லை. எவ்வளவோ முயன்றாள். நாலாவது மாதம் யாராவது நன்கொடை தரலாம் என்று நினைத்துப் பார்த்தாள். அரசாங்கம் மனம் மாறலாம். பொருளாளர் கணக்கில் தப்புப் பண்ணியிருக்கலாம். பதினெட்டு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடத் தப்புப் பண்ணியதில்லை.

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மடியில் வைத்து எழுதினாள். மணியைப் பார்த்துப் பதினொன்று ஐம்பது என்று போட்டாள். "இந்த நிமிடம் முதல் உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்." ராஜினாமா எழுதிக்கொடுத்த நிமிடத்திலிருந்தே செல்லும். அந்த வரியையும் அவளே அடித்திருந்தாள்.

காண்ட்ராக்டர் வாங்கிப் படித்தார். முகம் செத்துப்போயிற்று.

"அக்கா, வேணாம். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

"சரியாத்தான் சொன்னீங்க. உள்ள குடுங்க. இனி எட்டுப் பேர் இல்ல, ஏழு பேரு. நாலு போதும்."

"தம்பி?"

"குடுங்கன்னு சொல்றேன்ல."

அவர் கதவைத் திறந்து போனார். உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. தலைவர் ஏதோ படிக்கிற குரல் கேட்டது. நடுவில் பல் டாக்டர் எதுவோ கேட்டார். ஆறு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

முதலில் வெளியே வந்தது மேனேஜர் அம்மா. கையில் வீட்டுக்காரருக்கான கடிதம், கையெழுத்தின் மை காயாமல். எட்டுப் பேரில் இரண்டு பேருக்கு முதல் இரண்டு வீடுகளில் கட்டில் இருக்கிறது. மற்ற ஆறு பேரும் நாலு மணி நேரப் பயணத் தூரத்தில் உள்ள அரசு விடுதிக்கு. ஒரு கூடத்துக்கு அறுபது கட்டில். யார் யார் என்ற பட்டியலை மேனேஜர் முன்பே போட்டுவைத்திருந்தாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் யார் பெயர் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா கேட்கவில்லை. கேட்கக்கூடாது. குடும்பங்களுக்கெல்லாம் வியாழக்கிழமை ஒரே நாளில் கடிதம் போகும். இனி அவளும் ஒரு குடும்பம்.

மேனேஜர் இரண்டு படி இறங்கி, நின்று, திரும்பினாள்.

"அக்கா, உங்க வீடு எத்தனாவது மாடி?"

"மூணாவது. லிப்ட் கிடையாது. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்," என்றாள் மேனேஜர். கண்ணைப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. தம்பி அந்த இரண்டு பேரில் ஒருவனாக இருந்தால் அக்காவின் மாடி எதற்கு? ஆறு பேரில் ஒருவன். விடுதிக்கா, வீட்டுக்கா என்பதை மட்டும் அவளே முடிவு செய்யலாம். சமதரையில் நடப்பான், படியேற அவனால் முடியாது. அறுபத்தொரு வயதில், அவன் கனத்தை இரண்டு கைகளில் தாங்கி, மூன்று மாடி.

மூன்றாவது வீடு பத்து நிமிஷ நடை. அவள் அரை மணி நேரம் நடந்தாள். கதவைத் திறந்த பெண், "என்னக்கா, செவ்வாய்க்கிழமையில?" என்றாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. சிரித்த முகமாக இருந்தாள்.

அக்கா ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். பதினாலு வருஷமாக ஞாயிறு மட்டும்தான். மற்ற நாளில் அவள் வந்தால் அது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் என்பது தம்பிக்குத் தெரியும். அவளை ஒரு முறை பார்த்தான். உள்ளே போனான். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் செருப்பு இருந்தது. அவளுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, அவள் மாட்டிவிடுவதற்காகக் காத்திருந்தான். முகத்தில் பயம் இல்லை. அக்கா கூப்பிட்டால் போகவேண்டியதுதான் என்கிற சாதாரண முகம்.

அவள் குனிந்து செருப்பை வாங்கித் தன் பக்கத்தில் தரையில் வைத்தாள். எங்கயும் போகலடா என்று சொல்ல வாய் எடுத்தாள். அவனிடம் அவள் இதுவரை பொய் சொன்னதில்லை. நீட்டிய கால் நீட்டியபடியே இருந்தது.

"இன்னைக்கு இல்லடா," என்றாள். "இன்னைக்கு எங்கயும் போகல."