முந்திரிக்கொட்டை

திக்கல் மாதிரியான பேச்சுக் குறைகளைச் சரிசெய்யக் கற்றுத்தரும் பேச்சுப் பயிற்சிப் படிப்பில் கடைசி வருடத்துக்காரர்கள் ஆளுக்கொரு செமினார் நடத்தியே தீர வேண்டும். நடத்துவதுகூடப் பெரிய காரியமில்லை. தலைப்பு பிடிப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும்.

"புத்தகத்துல இருக்கறதை எனக்கே திருப்பி ஒப்பிக்காதீங்க," என்று துறைத் தலைவி முதல் நாளே சொல்லிவிட்டார். "அரைச்ச மாவையே அரைக்கறதைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. உங்க வாழ்க்கையில பட்டது ஒண்ணு, உங்களுக்கு உசிரா இருக்கறது ஒண்ணு. ரெண்டும் எங்க ஒட்டுதோ, அங்கேருந்து தலைப்பைக் கொண்டு வாங்க."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பாட்டுக் கற்றவள் பாடகர்களின் தொண்டைக்கட்டை எடுத்துக்கொண்டாள். இரட்டைப் பிள்ளை பெற்றவள், இரட்டையர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மழலையை எடுத்துக்கொண்டாள். தூக்கத்தில் உளறுகிற பையன் ஒருவன் அதையே தலைப்பாக்கிவிட்டான். கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவள் நம் முந்திரி மட்டும்தான்.

முந்திரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. யார் எதைச் சொல்ல வந்தாலும் முந்திக்கொண்டு தானே சொல்லிவிடுகிற பிள்ளையை முந்திரிக்கொட்டை என்று திட்டுவார்கள் அல்லவா, இவளுக்கு அந்தத் திட்டே பெயராக ஒட்டிக்கொண்டது. வளர வளரக் கொட்டை உதிர்ந்து முந்திரி மட்டும் மிஞ்சியது. அப்பேர்ப்பட்டவளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை என்றதும் வகுப்பில் எல்லோருக்கும் உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அன்று சாயங்காலம் விடுதி அறையில் ஜன்னலோரமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கீழே தெருவில் பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். இரும்புக் கேட்டில் பந்து மோதிய சத்தம் கேட்டது. மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அட, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டா நெய்க்கு அலைந்தோம் என்று தோன்றியது.

அவள் வளர்ந்த தெருவில் பள்ளி விட்டதும் கால்பந்து தொடங்கிவிடும். எதிரெதிரே இரண்டு கேட்டுகள்தான் கோல். அண்ணன் ஆட மாட்டான். மதில்மேல் ஏறி உட்கார்ந்து, மண்ணெண்ணெய் ஊற்றுகிற தகரப் புனலைத் திருப்பி வாயில் வைத்துக்கொண்டு வர்ணனை செய்வான். புனலைப் பிடித்துக்கொள்ளத் தேவையே இல்லாவிட்டாலும் முந்திரி ஒரு ஓரமாகப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"இதோ பந்து மருந்துக்கடைக்காரர் மகனிடம் வந்து சேர்கிறது. அவர் ஓடுகிறார். செருப்பு ஓடவில்லை, அவர் மட்டும் ஓடுகிறார். அடித்தார்! கோல்! மன்னிக்கவும் ரசிகப் பெருமக்களே, அது கோல் அல்ல, வக்கீல் வீட்டு ஜன்னல்!"

வானொலியில் கேட்ட அதே இலக்கணத் தமிழ், அதே ஏற்ற இறக்கம். ஜன்னல் உடைந்த வக்கீலே திட்ட வந்த வேகத்தில் நின்று கேட்டுவிட்டுப் போனதுண்டு. மாடிகளில் துணி உலர்த்த வந்தவர்கள் துணியை மறந்து நிற்பார்கள். அம்மா ஈரக் கையோடு வாசலுக்கு வந்து, யார் பெற்ற பிள்ளையோ என்பதுபோல் வாய் பிளந்து பார்ப்பாள். தெருவில் அவனுக்கு மைக் என்று பேர் வந்ததும் அதனால்தான்.

அம்மா வாய் பிளந்ததற்குக் காரணம் இருந்தது. புனலைக் கீழே வைத்துவிட்டால் மைக் திக்குவான். சாதாரணத் திக்கல் இல்லை. ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டால் கண்ணைச் சுருக்கி, கழுத்து நரம்பு புடைக்க நிற்பான். பார்க்கிறவர்களுக்கு மூச்சு முட்டும். முந்திரிக்கு அதைச் சகிக்கவே முடியாது. பேருந்து நடத்துநரிடம் இறங்குமிடம் சொல்வது அவள், டாக்டரிடம் எங்கே வலி என்று சொல்வது அவள், வாத்தியார் வீட்டுக்கே வந்து விசாரித்தாலும் பதில் அவளிடமிருந்துதான் வரும். ஐஸ்கிரீம் கடையில் அவன் "எனக்கு" என்று ஆரம்பித்தாலே போதும், "வெனிலா" என்று முடித்துவைத்துவிடுவாள். அண்ணனுக்கு வெனிலா என்றால் உயிர் என்பது அந்தக் குடும்பத்தில் சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரியான விஷயம்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வாய்," என்பாள் அம்மா. "அதையும் இவதான் வச்சிருக்கா."

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் முந்திரிக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ஒருவருக்கு அவ்வளவு தேவைப்பட்டவளாக அதற்குப் பிறகு அவள் எங்குமே இருந்ததில்லை. அவள் இந்தப் படிப்புக்கு வந்ததே அண்ணனால்தான்.

மறுநாள் முதல் ஆளாகத் துறைத் தலைவி அறைக்கு ஓடினாள். பேசினால் திக்குகிறவன் வர்ணனை செய்தால் ஏன் திக்குவதில்லை, இதுதான் தலைப்பு. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"இதைத்தான்மா நான் கேட்டேன். அண்ணன் சம்மதிப்பாரா?"

"அவன் சரின்னுதான் மேடம் சொல்வான்."

"அதை அவர் சொல்லட்டும். அவரோட கதை, அவரோட வாய். அவரே சரின்னு சொன்னாத்தான் இந்தத் தலைப்பு. இல்லன்னா, உன்னை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

முந்திரி தயங்கித் தயங்கித்தான் வெளியே வந்தாள். அண்ணனைக் கேட்டுவிட்டு எதையும் அவள் இதுவரை செய்ததில்லை.

மைக் இப்போது ஒரு பார்சல் கிடங்கில் வேலை பார்த்தான். ஓடுகிற பெல்ட்டில் வரும் பெட்டிகளைக் கையிலுள்ள கருவியால் பீப் பீப் என்று படித்து, எந்த வண்டிக்கு எது என்று பிரித்துத் தள்ள வேண்டும். பேச வேண்டிய அவசியமே இல்லை. பேச்செல்லாம் அந்தக் கருவி பார்த்துக்கொள்ளும். முந்திரி போனபோது மத்தியான இடைவேளை. அடுக்கி வைத்த பெட்டிகளின் மறைவில், அண்ணனும் சுமை ஏற்றுகிற கூட்டாளி ஒருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மதில், புனல், வக்கீல் வீட்டு ஜன்னல். அவனும் சிரித்தான். தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான்.

"எனக்கு இ… இதுல…"

"பெருமையா இருக்கு, அதானே?"

"இ… இல்ல."

முந்திரி திகைத்துப்போனாள். அவள் முடித்துவைத்ததை அவன் இல்லை என்று சொன்னதே கிடையாது. கிண்டல் செய்கிறானோ என்று பார்த்தாள். அவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மறுபடி தொடங்கியிருந்தான். அவன் சொன்னதை இங்கே ஒரே மூச்சில் எழுதிவிடலாம். அவன் சொல்லி முடிப்பதற்குள் மிச்ச டீ ஆறி ஆடை படிந்துவிட்டது.

"புனலால ஒண்ணும் நடக்கல. ரேடியோ மாதிரி பேசினதாலயும் இல்ல. அங்க பந்து அடுத்தது எங்க போகும்னு யாருக்கும் தெரியாது. அதனால யாரும் என்னை முந்த முடியாது. நான் சொல்ற வரைக்கும் எல்லாரும் காத்திருந்தாங்க. நீயும்தான். மதிலை விட்டு இறங்கினா, நான் என்ன சொல்லப் போறேன்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சுபோயிடும். அவங்க முடிக்கறதுக்குள்ள நான் முடிக்கணும்னு ஓடுவேன். ஓடினாத் தடுக்கி விழுவேன்."

"அப்போ நான்…"

"நீதான் எல்லாரையும்விட வேகம். எனக்கு வெனிலாவே பிடிக்காது. பல்லு கூசும்."

முந்திரிக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. எத்தனை கோடைகாலம், எத்தனை கப்! அத்தனையையும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, கடிக்கவும் முடியாமல் தின்றிருக்கிறான். அவள் நெஞ்சு நிறைய வைத்திருந்த அந்த நாட்களைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் இப்படியா இருக்கும்? அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"ஏன்ணா, இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எ… எங்க சொல்ல விட்ட?"

அதற்குமேல் இருவராலும் முடியவில்லை. பெட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். முந்திரி சிரித்துக்கொண்டே துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். சிரிப்பு அடங்கியதும் தான் வந்த காரியம் அப்படியே நிற்பது ஞாபகம் வந்தது.

"சரிண்ணா, இந்தத் தலைப்பு உனக்குப் பிடிக்கலன்னா நான்…" என்றவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். "இல்ல. நீயே சொல்லு. நான் செமினார்ல இதைப் பேசட்டுமா, வேணாமா?"

அவன் வாய் திறந்தான். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. கண் சுருங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. பெல்ட் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. முந்திரியின் நாக்கில் பதில்கள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றையும் விழுங்கினாள். இவ்வளவு நாள் அவள் அவனுக்காகச் செய்த எதுவும் இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

"வேணாங்கறாரும்மா," என்று உதவிக்கு வந்தார் கூட்டாளி, பாவம், நல்ல மனதோடுதான்.

முந்திரி அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் வாயை மூடிக்கொண்டார். மைக் தலையை ஆட்டி, மூச்சை இழுத்து, திரும்ப அதே எழுத்தில் ஏறினான்.

"நா… நானே வந்து பேசறேன்."

அவள் விழுங்கிய பதில்களில் இது ஒன்றுகூட இல்லை.

செமினார் அன்று கரும்பலகையில் பழைய தலைப்பு இல்லை. 'பிறர் பேச்சை முடித்துவைக்கும் பிரியமானவர்கள்' என்று எழுதியிருந்தாள் முந்திரி. இரண்டு நிமிடம் பேசி அண்ணனை அறிமுகம் செய்துவிட்டு ஓரமாகப் போய் நின்றாள். இஸ்திரி போட்ட சட்டையில் மைக் வந்து நின்றான். வெளியூர்க் கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி இருந்தான்.

நன்றாகவே திக்கினான். முன்வரிசையில் பாட்டுக்காரி இரக்கம் தாங்காமல் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தாள். "அ… அது இல்லைங்க," என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவன் படி ஏறுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக மேலே வந்தான். துறைத் தலைவி கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"மாமா ஒருத்தர் என் சைக்கிளை என்னைக் கேக்காமலே வித்துட்டார்," என்றான். "கோபத்துல 'நீங்க செஞ்சது'ன்னு ஆரம்பிச்சேன். இவ 'பரவாயில்ல மாமா'ன்னு முடிச்சுட்டா. மாமா என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டார். சண்டை போட வந்தவன் எல்லாம் என்கிட்ட சமாதானமாப் போனான். நான் யாருக்கு எதைத் தர மாட்டேன்னு சொல்ல வந்தாலும், இவ 'எடுத்துக்கோ'ன்னு முடிச்சா."

அங்கே நின்றுவிட்டான். அடுத்த வார்த்தை வர நேரமாயிற்று. முந்திரி சுவரோடு சுவராக நின்று காத்திருந்தாள். இனி வருவது குற்றப்பத்திரிகைதான் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"எனக்குக் கோபம் இருக்கு," என்றான் மைக், அவளைப் பார்த்தபடி. "ஆனா இவ முடிச்சுவச்ச பேச்சுல எல்லாம், நான் இப்ப இருக்கறதைவிட ந… நல்லவனா இருந்தேன்."