கடல் காலி என்று சொன்ன நாள்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. பக்கத்து வீட்டு அமாந்தியோ ஈஸ்டருக்கு மறுநாள் என் சமையலறையில் உட்கார்ந்து, சீஸைத் தின்றுகொண்டே உளறிக் கொட்டியது.

“எழுதிக்கோங்க எழுத்துக்காரம்மா, எழுதாம உங்களால இருக்க முடியாது. ஆனா என் பொண்டாட்டி சுல்மீரா காதுக்குப் போச்சு, என் தோலை உரிச்சிருவா.”

அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். அட்லாண்டிக் நடுவில் இருக்கும் இந்தப் பிக்கோ தீவில் என்னைத் தவிரத் தமிழ் படிக்க ஆளில்லை.

2

முதல் தொடக்கம்: ‘அட்லாண்டிக்கின் நீல விரிப்பில்...’ அடித்துவிட்டேன். அன்று கடல் நீலமாகவே இல்லை.

இரண்டாவது: மலை விளிம்பில் ஒரு வெள்ளைக் குடில். அதன் சன்னலில் பைனாகுலரோடு உட்கார்ந்திருப்பவன் அமாந்தியோ. கீழே பயணிகளோடு படகு ஓட்டுபவள் அவன் மனைவி சுல்மீரா. திமிங்கலம் மூச்சு விடும் இடத்தை அவன் வயர்லெஸ்ஸில் சொல்வான், அவள் படகைத் திருப்புவாள். போன வருஷம் அந்த நாளில் படகில் அவள் அக்கா நத்தாலியாவும் இருந்தாள். டொரொண்டோவிலிருந்து வந்திருந்தாள், புற்றுநோய் ஈரல்வரை போயிருந்தது. ஒரே ஒரு தடவை திமிங்கலத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்றுதான் கேட்டாள்.

பதினோரு மணிக்கு அமாந்தியோ பார்த்தான். ஆறேழு பெண் திமிங்கலங்கள், நடுவில் அப்போதுதான் பிறந்த ஒரு குட்டி. அது மூச்சு விடுவதற்காகப் பெரியவை அதை மாற்றி மாற்றி மேலே தூக்கிக்கொண்டிருந்தன.

“என்னப்பா, ஏதாவது தெரியுதா? அக்கா கேக்குறா” என்றாள் சுல்மீரா வயர்லெஸ்ஸில்.

“கடல் காலி. தெக்கால போ, டால்ஃபின் இருக்கு.”

வயர்லெஸ்ஸை எல்லாப் படகும் கேட்கும். உண்மையைச் சொன்னால் அரை மணியில் அந்தக் குட்டியைச் சுற்றி... (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

டால்ஃபின்களைப் பார்த்துவிட்டு நத்தாலியா ஊர் திரும்பினாள். இந்தப் பிப்ரவரியில் இறந்துபோனாள்.

3

இங்கே அமாந்தியோமேல் எனக்கு ஒரு சந்தேகம். இந்த ஊரில் குடிலுக்கும் படகுக்கும் நடுவே ரகசியப் பேச்சு உண்டு. “ஆட்டைக் கட்டினியா?” என்று அவன் கேட்டால் எதையோ கண்டுவிட்டான் என்று சுல்மீராவுக்கு மட்டும் புரியும்.* அப்படிக் கேட்டிருக்கலாமே?

“கேட்டிருந்தா, அக்காவுக்காக அவ குட்டி மூக்கு வரைக்கும் போயிருப்பா. அப்படித்தான் நெனச்சேன். கட்டின பொண்டாட்டியவே நம்பல. அதான் என்னைத் தின்னுது.”

(* மட்டும் என்பது அவர்கள் நினைப்பு. அவர்களிடம் ஆடே கிடையாது என்பது ஊருக்கே தெரியும்.)

4

முடிவு ஒன்று: அவன் சொல்கிறான், அவள் மன்னிக்கிறாள். திகட்டுகிறது.

முடிவு இரண்டு: அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு... அவள் ஏன் போக வேண்டும்? வீடு அவளுடையது.

போன வாரம் முட்டை கொடுக்க வந்த சுல்மீரா மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்தாள்.

“என்ன எழுதுறீங்க?”

“திமிங்கலக் கதை.”

“அப்ப இதையும் போடுங்க. அக்கா வந்தன்னைக்கு இந்த ஆளு கடல் காலின்னான். நான் தண்ணிக்குள்ள மைக்கை எறக்கினேன். டக்டக்குனு ஒரு திமிங்கலக் கூட்டமே பேசுது! இவன் பொய் சொல்றான்னா குட்டி இருக்கும்னு புரிஞ்சுபோச்சு. எஞ்சினை அணைச்சிட்டு ஹெட்ஃபோனை அக்கா காதுல வெச்சேன். பத்து நிமிஷம் கண்ணை மூடிட்டுக் கேட்டா. சிரிச்சா. அப்புறம் ‘போலாம்’னா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “இதை அவன்கிட்டச் சொல்லேன் சுல்மீரா! அந்த மனுஷன் ஒரு வருஷமா...”

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“நான் எதுக்குச் சொல்லணும்? பொய் சொன்னது அவன். அவனா வந்து சொல்லட்டும். நீங்க வாயத் திறந்தீங்க, முட்டை கிடையாது.”

ஆக, இரண்டு பேரின் பாதிக் கதையும் என்னிடம் இருக்கிறது. இரண்டு பேரும் என் வாயைக் கட்டிவிட்டார்கள்.

5

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் மீன் சூப்.

“கதைய உங்க பாஷையிலயே படிங்க. எப்படித்தான் இருக்குன்னு கேப்போம்” என்றாள் சுல்மீரா. அமாந்தியோ என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினான். ஒரு வார்த்தையும் புரியாது என்ற தைரியத்தில் படித்தேன்.

பெயர்கள் எந்த மொழியிலும் பெயர்கள்தான் என்பதை மறந்துவிட்டேன். முதல் ‘நத்தாலியா’வில் சுல்மீராவின் ஸ்பூன் நின்றது. இரண்டாவதில் அமாந்தியோ தலை குனிந்தான். நான் நிறுத்தவில்லை, கடைசித் தாள்வரை படித்தேன். முடித்தபோது அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சுல்மீரா, அன்னைக்கு நான்...” என்று தொடங்கினான் அமாந்தியோ.

நான் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன். அந்த வாக்கியத்தை அவன் முடித்தானா, எனக்குத் தெரியாது. நீங்கள் உள்ளேயே இருங்கள். சூப் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.